கேஸ் முடியும்வரை நிற்பவர்களுக்கு மட்டும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள், ரெஸ்யூமேயில் வாலன்டியர் அனுபவம் என்ற வரியை நிரப்பப் போகும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: ஃபுட் பேங்க், கோயில் கேன்டீன், மராத்தான் பாதையில் தண்ணீர் மேஜை. எல்லாம் நல்ல வேலைகளே. ஆனால் ஒரு சனிக்கிழமை நீங்கள் போகவில்லை என்றால், உங்கள் இடத்தில் இன்னொருவர் நின்றுவிடுவார். இங்கே நான் சொல்லப்போவது அப்படி ஆள் மாற்ற முடியாத ஒரு பொறுப்பு. நீதிபதி கையெழுத்திட்ட ஆர்டரில் உங்கள் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ஒரு குழந்தையின் பெயர் இருக்கும்.

கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட், சுருக்கமாக சி.ஏ.எஸ்.ஏ. பெற்றோரின் வன்முறையாலோ கவனிப்பின்மையாலோ வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு ஃபாஸ்டர் கேரில் வைக்கப்படும் குழந்தைக்காகக் கோர்ட்டில் பேசும் வாலன்டியர். சம்பளம் கிடையாது. வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. 1970-களில் சியாட்டில் நகரில், கிங் கவுன்ட்டி நீதிபதி டேவிட் சௌகப் இதைத் தொடங்கிவைத்தார். குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய தன்னிடம், அந்தக் குழந்தையைப் பற்றிப் போதுமான தகவலே இல்லையே என்பதுதான் அவருடைய கவலை. 1977-இல் முதல் புரோகிராம் ஆரம்பமானது. இன்று 49 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இது நடக்கிறது. நார்த் கரோலினா, ஃபுளோரிடா போன்ற இடங்களில் கார்டியன் அட் லைட்டம் என்ற பெயரில் தேடுங்கள்.

தேவை எவ்வளவு? 2023 செப்டம்பர் கடைசியில் அமெரிக்க ஃபாஸ்டர் கேரில் இருந்த குழந்தைகள் ஏறத்தாழ 3.4 லட்சம். எல்லோருக்கும் ஓர் அட்வகேட் கிடைப்பதில்லை. விண்ணப்பம் போடுகிறவர்கள் நிறைய. கேஸ் முடியும்வரை நிற்கிறவர்கள் குறைவு. ஒரே கேஸில் கேஸ் வொர்க்கர் மாறுவார், வக்கீல் மாறுவார், ஃபாஸ்டர் வீடு மாறும், பள்ளிக்கூடம் மாறும். நீங்கள் மாறக்கூடாது. இந்த வேலையில் உங்கள் மார்க்கெட் வேல்யூ அதுதான். மற்ற திறமைகள் எல்லாம் அதற்குப் பிறகு.

1. முதலில் காலண்டரைத் திறங்கள்

பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாதத்துக்குச் சுமார் 10 மணி நேரம் ஒதுக்கச் சொல்வார்கள். பல புரோகிராம்கள் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கும். கேஸ் இழுத்தால் இரண்டு வருடம் சாதாரணம். கோர்ட் ஹியரிங் வார நாளில், வேலை நேரத்தில்தான் வரும். பள்ளி மீட்டிங்கும் அப்படித்தான். ஆகவே மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி, வருடத்துக்குச் சில அரை நாட்களை வாங்கி வையுங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் வாலன்டியர் டைம் ஆஃப் என்று தனி லீவே இருக்கிறது. ஹெச்ஆர் போர்ட்டலில் தேடிப் பாருங்கள். நீங்கள் செலவிடும் மணி நேரத்துக்கு ஈடாக அந்த அமைப்புக்கு நன்கொடை தரும் கம்பெனிகளும் உண்டு. அந்தப் பணத்தை விட்டுவிடாதீர்கள்.

2. விசாவையும் வீட்டு லீஸையும் பாருங்கள்

நம்மவர்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. கிளையன்ட் புராஜெக்ட் முடிந்தால் டல்லஸிலிருந்து சார்லட்டுக்கு மூட்டை கட்ட வேண்டிய நிலையில் இருக்கிறீர்களா? அடுத்த வருடம் ஊருக்கே திரும்பும் யோசனையா? அப்படியானால் இப்போது வேண்டாம். நடுவில் போய்விடும் பெரியவர்களை இந்தக் குழந்தைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நீங்களும் சேர வேண்டியதில்லை.

எச்-4 விசாவில் வந்து, கையில் பட்டமும் அனுபவமும் இருந்தும் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள் இதை விரும்புவது நியாயம்தான். ரெஸ்யூமேயில் விழும் இடைவெளியை நிரப்பும் கனமான அனுபவம் இது. ஆனால் பின்னணிச் சோதனைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்பார்கள். அது இல்லாதவர்களுக்கு வழி உண்டா என்று முதல் போன் காலிலேயே கேளுங்கள். விசா நிலையில் சந்தேகம் இருந்தால் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பதிலை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

3. இன்டர்வியூவில் சொல்லக்கூடாத பதில்

விண்ணப்பம், அறிமுகக் கூட்டம், ரெஃபரன்ஸ், விரல்ரேகை, குற்றப் பதிவுச் சோதனை, குழந்தை வன்கொடுமைப் பதிவேட்டுச் சோதனை, நேர்காணல்: வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும். பழைய கைதோ, டியூஐ வழக்கோ இருந்தால் மறைக்காதீர்கள். சில விஷயங்களை மன்னிப்பார்கள். மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

‘ஏன் வருகிறீர்கள்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ‘எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்’ என்ற பதில் எல்லோரும் சொல்வது. அதைவிட ஆபத்தான பதில், ‘இந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும்’ என்பது. இன்டர்வியூ எடுப்பவர் அந்த இடத்தில் பேனாவை எடுப்பார். காரணம், காப்பாற்ற வருகிறவர் பெற்றோரை எதிரியாகப் பார்ப்பார். உங்கள் வேலை அதுவல்ல. ‘தகவல் சேகரிப்பேன், தெளிவாக எழுதுவேன், ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விடமாட்டேன், இதோ அதற்கு உதாரணம்’ என்று சொல்லுங்கள். கடினமான கிளையன்ட்டோடு இரண்டு வருடம் தாக்குப்பிடித்த கதை இங்கே நன்றாக எடுபடும்.

அடுத்து உங்கள் சொந்தக் கருத்துகளைத் துழாவுவார்கள். போதைப் பழக்கம் உள்ள தாய், ஜெயிலுக்குப் போய் வந்த தந்தை, தன்பாலீர்ப்புள்ள பதின்வயதுப் பிள்ளை, வேறு இனம், வேறு மதம். பாடம் ஒப்பிக்காதீர்கள். எது உங்களுக்குப் புதிது, எதில் உங்களுக்குத் தயக்கம் என்று நேர்மையாகச் சொல்பவரைத்தான் அவர்கள் நம்புவார்கள். பிள்ளையை அடித்து வளர்ப்பது பற்றியும் பேச்சு வரும். நம்மில் பலர் அடி வாங்கி வளர்ந்தவர்கள். ‘நாங்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்ற வாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

4. முப்பது மணி நேரம்

கேஸ் தருவதற்கு முன் 30 மணி நேரப் பயிற்சி. பிறகு வருடந்தோறும் 12 மணி நேரம். சட்டம், அதிர்ச்சி குழந்தையின் மூளையையும் நடத்தையையும் எப்படிப் பாதிக்கிறது, போதை, குடும்ப வன்முறை, ரிப்போர்ட் எழுதுவது, நேரில் கோர்ட்டில் உட்கார்ந்து கவனிப்பது. லேப்டாப்பில் ஆஃபீஸ் மெயில் பார்த்துக்கொண்டே கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். கடைசியில் நீதிபதி முன் உறுதிமொழி எடுப்பீர்கள். அதற்குப் பிறகு புரோகிராமின் சூப்பர்வைசர் சில கேஸ்களின் சுருக்கத்தைக் காட்டுவார். முதல் கேஸுக்கு வீட்டிலிருந்து தூரத்தைப் பாருங்கள். வீரம் காட்டும் நேரமல்ல இது. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய குழந்தையை ஆறாவது மாதம் பார்க்கப் போகமாட்டீர்கள். பெட்ரோல் செலவு உங்களுடையது. வரியில் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டுகிறவர்கள் மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம். மைல் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

5. ‘நல்ல வீடு’ என்ற அளவுகோலைத் தூக்கிப் போடுங்கள்

நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் இங்கே நிதானமாகப் படியுங்கள்.

டிரெயினிங்கில் மினிமம் சஃபிஷியன்ட் லெவல் ஆஃப் கேர் என்று ஒன்றைச் சொல்லித் தருவார்கள். கோர்ட் கேட்பது, ‘இந்தக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வீடு எது?’ என்பதல்ல. ‘பெற்றோரின் வீடு இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா, அடிப்படைத் தேவைகள் அங்கே நிறைவேறுமா?’ என்பதுதான். நீங்கள் நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டைத் தேடி வீடு வாங்கியவர். குமானுக்கும் நீச்சல் வகுப்புக்கும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவர். ஃபாஸ்டர் வீட்டுக்குப் போகிறீர்கள்: தனி அறை, புத்தக அலமாரி, பின்பக்கம் தோட்டம். அம்மாவின் வீட்டுக்குப் போகிறீர்கள்: ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்ட், ஹாலில் மெத்தை, டிவி சத்தம், மதியத்துக்கு டப்பா மேக்ரோனி. மனம் தானாக ஒரு பக்கம் சாயும். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

வறுமை வேறு, கவனிப்பின்மை வேறு. ஃபாஸ்டர் கேருக்கு வரும் கேஸ்களில் அடி உதையைவிடக் கவனிப்பின்மை என்று பதிவாகும் கேஸ்களே அதிகம். அதில் எவ்வளவு காசில்லாமல் வந்தது, எவ்வளவு அக்கறையில்லாமல் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில் பாதி வேலை அடங்கிவிடும். குழந்தை தனியாக இருந்தது என்றால், அம்மா எங்கே போயிருந்தாள் என்று கேளுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தாள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், தீர்வு சைல்ட் கேர் உதவி. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது அங்கே தீர்வாகாது.

இது வெறும் நல்லெண்ண அறிவுரை இல்லை. 2020-இல் வெளிவந்த ஒரு டெக்சாஸ் ஆய்வு, அட்வகேட் நியமிக்கப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்பு, நியமிக்கப்படாதவர்களைவிடக் குறைவாக இருந்தது என்று சொன்னது. சிக்கலான கேஸ்களுக்குத்தான் அட்வகேட்டை நியமிக்கிறார்கள் என்ற விளக்கம் உண்டு; ஆய்வாளர்கள் அதையும் கணக்கில் எடுக்க முயன்றிருக்கிறார்கள். வசதியான வீட்டிலிருந்து வரும் வாலன்டியர், வசதியில்லாத வீட்டை எடைபோடும் ஆபத்து நிஜமானது என்பது என் கருத்து. நீங்கள் எழுதும் ஒரு வரி ஒரு குடும்பத்தைப் பிரிக்கும், அல்லது சேர்க்கும். அந்த எடை தெரிந்து எழுதுங்கள்.

இன்னொன்று. அத்தை, பாட்டி, தாய்மாமன் என்று சொந்தக்காரர் யாராவது குழந்தையை எடுத்துக்கொள்ள முடியுமா என்று தேடுவதில் நம் பழக்கம் கைகொடுக்கும். நாம் உறவுமுறை கேட்டே பழகியவர்கள். ‘அப்பா பக்கம் யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்வியை யாருமே கேட்காமல் விட்ட ஃபைல்கள் உண்டு. கேளுங்கள்.

6. முதல் மாதம்

ஃபைலை முழுவதும் படியுங்கள். ஒரு தாளில் ஆட்களின் பட்டியல்: கேஸ் வொர்க்கர், குழந்தையின் வக்கீல், பெற்றோர், அவர்களின் வக்கீல்கள், ஃபாஸ்டர் பேரன்ட், டீச்சர், தெரபிஸ்ட், டாக்டர். எல்லோரையும் ஒருமுறையாவது தொடர்புகொள்ளுங்கள். பெற்றோரை அவர்களுடைய வக்கீலுக்குத் தெரிவித்தபின். உங்களுக்கு யார் மீதும் அதிகாரம் கிடையாது. கேஸ் வொர்க்கர் கையில் இன்னும் பல குழந்தைகள் இருப்பார்கள். உங்கள் கையில் ஒருவர்தான். அந்த வித்தியாசத்தைக் குத்திக்காட்டாமல் பயன்படுத்துங்கள். ‘ஏன் இன்னும் கண்ணாடி வாங்கவில்லை?’ என்று மெயில் போடுகிறவருக்குப் பதில் வராது. ‘புதன்கிழமை கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது, உங்கள் அனுமதிக் கையெழுத்து மட்டும் வேண்டும்’ என்று எழுதுகிறவருக்கு அன்றே வரும்.

7. குழந்தையோடு இருக்கும்போது

மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில். சொன்ன நேரத்துக்கு. ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் போன் செய்யுங்கள். வராமல் போனவர்களின் கணக்கு அந்தப் பிள்ளையிடம் துல்லியமாக இருக்கும். ஊனோ சீட்டுக்கட்டு ஒன்று பையில் இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் எந்தப் பிள்ளையும் பேசாது, கையில் விளையாட்டு இருந்தால் பேசும். நடந்த கொடுமையைப் பற்றித் துருவாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்; நீங்கள் கேட்கும் கேள்வியே வழக்கைக் கெடுக்கலாம். தானாகச் சொன்னால், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்றும் சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் பெயரைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். பல பிள்ளைகளுக்கு அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும். மார்க் எவ்வளவு என்று முதல் நாளே கேட்காதீர்கள். வீட்டுக்கு அழைத்து வருவது, பணம் கொடுப்பது, இன்ஸ்டாகிராமில் சேர்த்துக்கொள்வது, விலையுயர்ந்த பரிசு தருவது எல்லாம் கூடாது. காரில் ஏற்றலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஏற்றாதீர்கள்.

8. ரிப்போர்ட்தான் உங்கள் டெலிவரபிள்

கோர்ட் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸைப் பரிசீலிக்கும். குழந்தை ஃபாஸ்டர் கேருக்கு வந்த 12 மாதத்துக்குள் நிரந்தர ஏற்பாடு பற்றிய ஹியரிங் நடக்க வேண்டும். 1997-இல் வந்த ஒரு ஃபெடரல் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரிலேயே இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை ரத்து செய்ய மாநிலம் மனுப்போட வேண்டும். அதாவது அந்தத் தாய்க்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கோர்ட் சொன்ன பேரன்டிங் வகுப்புக்கு ஆறு மாத வெயிட்டிங் லிஸ்ட் என்றால், அது உங்கள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய தகவல்.

எழுதும் முறை: யாரை, எந்தத் தேதியில் சந்தித்தீர்கள், குழந்தை எங்கே இருக்கிறது, உடம்பு, படிப்பு, மனநிலை, பெற்றோருடன் சந்திப்புகள், அண்ணன் தம்பி அக்கா தங்கை தொடர்பு, குழந்தை என்ன விரும்புகிறது, உங்கள் பரிந்துரை. ‘அம்மாவுக்கு அக்கறை இல்லை’ என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். ‘மார்ச்சில் நான்கு சந்திப்புகள் இருந்தன. அம்மா இரண்டுக்கு வந்தார். மற்ற இரண்டுக்கும் பஸ் தாமதம் என்று அன்றே போன் செய்தார்’ என்று எழுதினால் நீதிபதிக்குப் பயன்படும். ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, ‘நான் கண்டதா, பிறர் சொன்னதா, நானே ஊகித்ததா?’ என்று கேளுங்கள். ஊகத்தை வெட்டுங்கள். பிறர் சொன்னதென்றால் பெயரைச் சேருங்கள். பெற்றோரின் வக்கீல் உங்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். உங்கள் நோட்ஸையும் கேட்கலாம். அங்கே சொல்ல முடியாத எதையும் ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

குழந்தையின் விருப்பம் உங்கள் பரிந்துரைக்கு நேர் எதிராக இருந்தாலும், அதன் வார்த்தையிலேயே எழுதியே தீர வேண்டும். பரிந்துரை குறிப்பாக இருக்கட்டும். ‘தங்கையோடு தொடர்பு நீடிக்க வேண்டும்’ என்றால் யாரும் செய்யமாட்டார்கள். ‘வாரம் ஒரு வீடியோ கால், மாதம் இரண்டு நேர் சந்திப்பு, ஏற்பாடு செய்யும் பொறுப்பு குழந்தைகள் நல ஏஜென்சியுடையது’ என்றால் அது ஆர்டராக வெளியே வரும்.

9. பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால்

இந்த வயதினரின் கேஸை எடுக்க வாலன்டியர்கள் தயங்குகிறார்கள். நீங்கள் தயங்காதீர்கள், ஐடியிலும் ஃபைனான்ஸிலும் இருப்பவர்கள் நேரடியாக உதவக்கூடிய இடம் இதுதான். ஃபாஸ்டர் கேரில் உள்ள 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வருடம் ஒருமுறை இலவசமாக கிரெடிட் ரிப்போர்ட் தர வேண்டும் என்பது சட்டம். பிள்ளையின் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கியிருந்தால் அதில் தெரியவரும். அதைப் படித்துச் சரிசெய்யத் தெரிந்தவர் நீங்கள். 18 வயதில் வெளியேறும்போது பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, மருத்துவ ஆவணங்கள், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் அவரோடு உட்கார்ந்து வெளியேறும் திட்டம் போட வேண்டும். பல மாநிலங்களில் 21 வரை ஃபாஸ்டர் கேரில் தொடரலாம். 18 வயதில் ஃபாஸ்டர் கேரில் இருந்தவருக்கு மெடிக்கெய்ட் 26 வயது வரை கிடைக்கும். கல்லூரிக்கும் தொழிற்பயிற்சிக்கும் வருடம் 5,000 டாலர் வரை ஃபெடரல் வவுச்சர் உண்டு. இவை எல்லாம் இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பள்ளி மாறும்போது பாடங்களுக்கான கிரெடிட் தொலைந்து, படித்த பாடத்தையே மறுபடி படிப்பவர்களும் உண்டு. டிரான்ஸ்கிரிப்டை வாங்கிப் பாருங்கள்.

10. உங்களுக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. சட்டம், சோஷியல் வொர்க், பப்ளிக் பாலிசி, மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகவே கைகொடுக்கும். மற்றவர்களுக்கும்தான்: அதிகாரம் இல்லாமல் பத்துப் பேரை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது, கோபமாக இருப்பவரிடம் தகவல் வாங்குவது, நீதிபதி இரண்டு நிமிடத்தில் படித்து முடிவெடுக்கும்படி எழுதுவது. மேனேஜர் ஆக விரும்புகிறவருக்கு இவை வேண்டும். ரெஸ்யூமேயில் புரோகிராமின் பெயர், காலம், பயிற்சி நேரம், எழுதிய ரிப்போர்ட்டுகளின் எண்ணிக்கை, அவ்வளவு போதும். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூடக் கூடாது. வயதும் ஊரும் சேர்த்துச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும். லிங்க்ட்இன்னில் உருக்கமான பதிவு வேண்டவே வேண்டாம். வீட்டிலும் கணவனிடமோ மனைவியிடமோ குழந்தையின் பெயரைச் சொல்லக்கூடாது. கோர்ட் வராந்தாவில் வக்கீல்களிடம் விசிட்டிங் கார்டு நீட்டாதீர்கள். நெட்வொர்க் வேண்டுமானால் சக வாலன்டியர்களிடம் தேடுங்கள். ரிட்டயர்டு டீச்சர், நர்ஸ், எச்ஆர் டைரக்டர் எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

11. கேஸ் முடியும்போது

கடைசி ஹியரிங் தேதி தெரிந்தவுடன் குழந்தையிடம் சொல்லுங்கள். கடைசிச் சந்திப்பு இதுதான் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதன்பின் தொடர்பு வைத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல. புரோகிராமின் விதியைக் கேட்டு, குடும்பத்தின் சம்மதத்தோடு முடிவெடுங்கள். ஃபைல்கள், நோட்ஸ் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். லேப்டாப்பில் இருப்பதை அவர்கள் சொல்லும் முறையில் அழியுங்கள். ரெஃபரன்ஸ் கடிதம் தேவையென்றால் சூப்பர்வைசரிடம் அந்த வாரமே கேளுங்கள், உங்கள் வேலை அவருக்கு நினைவிருக்கும். அடுத்த கேஸுக்கு உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஓரிரு மாதம் விட்டு, மறுபடி காலண்டரையும் விசாவையும் பார்த்துவிட்டு, முடியும் என்றால் போங்கள்.